பளிங்குப் பிள்ளைக்கு ஒரு பொட்டு

என் வேலை நிற்பது. மொன்றியலில் ஓர் அருங்காட்சியகத்தில் காவலாளியாகப் பதினொரு வருடம் நின்றிருக்கிறேன். சொந்தக்காரர்கள் "மியூசியத்திலையோ வேலை?" என்று கண்ணை அகல விரிப்பார்கள், அங்கே மாட்டியிருக்கும் படங்களையெல்லாம் நானே வரைந்தது மாதிரி. காலையில் ஒரு கதவருகில் நிற்பேன். முக்கால் மணி நேரம் கழித்து இன்னொரு கதவுக்கு மாற்றுவார்கள், அங்கே நிற்பேன். உட்காரக் கூடாது, சுவரில் சாயக் கூடாது, கைபேசியைத் தொடக் கூடாது. யாராவது ஒரு பொருளுக்குக் கிட்டப் போனால், தயவுசெய்து பின்னால் வாருங்கள் என்று பிரெஞ்சில் ஒரு தரம், ஆங்கிலத்தில் ஒரு தரம் சொல்ல வேண்டும். மாலையில் செயின்ட்-மிஷேலில் இருக்கும் வீட்டுக்கு வந்து, வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்துக்கொண்டு இருப்பேன். "உனக்கென்ன, கூரைக்குக் கீழை நிக்கிற வேலை" என்பார் என் கணவர். அவர் ஜான்-டலோன் சந்தையில் பனிக்குள் நின்று மரக்கறிப் பெட்டி இறக்குகிறவர். அவரோடு இந்த விஷயத்தில் வாதாடி நான் வென்றதில்லை.

அந்தக் குளிர்காலத்தில் கிரேக்க தேசத்திலிருந்து கொஞ்சம் பழைய சிலைகளை இரவலாகக் கொண்டுவந்து வைத்தார்கள். வந்தவற்றில் பாதி, மூக்கு உடைந்த தலைகளும் தலை இல்லாத உடம்புகளும். ஒரு சின்ன அறையின் நடுவில் ஒரு பெண்ணை மட்டும் தனியாக நிறுத்தியிருந்தார்கள். வெள்ளைப் பளிங்கு. என் காது உயரம் இருப்பாள். ஒரு சாண் உயர மேடையில் நேராக, விறைப்பாக நின்றாள். இடது கால் கொஞ்சம் முன்னால். இடது கையால் பாவாடையை ஒரு பக்கம் பிடித்திருந்தாள், சேற்றுத் தண்ணீரைத் தாண்டப் போகிறவள் போல. தோளின் இரண்டு பக்கமும் நாலு நாலு பின்னல் முன்னால் விழுந்து கிடந்தது. கூந்தலிலும் ஆடையின் கரையிலும் பழைய சிவப்புச் சாயம் அங்கங்கே ஒட்டியிருந்தது. அவளுக்கு வலது முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லை. கை பொருத்தியிருந்த இடத்தில் ஒரு துளை மட்டும் இருந்தது.

அந்த அறையில்தான் என்னை அதிகம் நிறுத்தினார்கள். அவளுக்கும் எனக்கும் ஒரே வேலை. ஒரு வித்தியாசம், அவள் சிரித்துக்கொண்டே செய்தாள். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு மேலாக நிற்கிறவளுக்கு என்ன சிரிப்பு வேண்டிக் கிடக்கிறது என்று எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. இரண்டு வாரத்தில் பழகிவிட்டேன். காலையில் ஆள் வரமுதல் அவளைப் பார்த்து "பொன்ஜூர்" சொல்லுகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

இனி என் மச்சாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. விசிற்றர் விசாவில் வந்து, அகதிக் கோரிக்கை வைத்து, அது ஏற்கப்பட்டு நாலு வருடமாக எங்களோடு இருந்தார். எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் படிப்பு முடிந்து வேறு ஊருக்குப் போய்விட்டார்கள், அவர்களின் அறையை மச்சாளுக்குக் கொடுத்திருந்தோம். அவருக்கு ஒரே மகள். ஊரில் நடந்த கடைசிச் சண்டையில், சனத்தோடு சனமாக ஓடிவந்தபோது, தோளில் கிடந்த பையை மற்றத் தோளுக்கு மாற்றுவதற்காக மச்சாள் மகளின் கையை விட்டார். பையை மாற்றிவிட்டுத் திரும்பக் கையை நீட்டினார். பிடிக்கக் கை இல்லை. அவ்வளவுதான் கதை. அதற்குப் பிறகு முகாம் முகாமாக, அரசாங்கக் கந்தோர் கந்தோராக மகளின் படம் கொண்டு அலைந்த வருடங்களை அவர் சொன்னதே இல்லை. கை விட்ட அந்த ஒரு நிமிடத்தை மட்டும் ஒரே ஒரு தரம் எனக்குச் சொல்லியிருக்கிறார்.

மகள் இருக்கிறாள், வருவாள் என்பது மச்சாளின் பிடிவாதம். ஊரில் பாவித்த பழைய கைபேசி ஒன்றை இங்கேயும் கொண்டுவந்திருந்தார். மகளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண் அதுதானாம். அதற்கு அழைப்பு வந்துவிடும் என்று வைத்தியரிடம் போகும் நாளை மாற்றுவார், கோயிலில் பாதியில் எழும்பி வெளியே போவார். அது ஒலித்தாலும் யாரோ எண் மாறி எடுத்ததாகத்தான் இருக்கும். அந்த அழைப்பு முடிந்த பிறகு இரண்டு நாளைக்கு அவருக்குச் சோறு இறங்காது. ஆள் தேய்ந்துகொண்டே போனார். என் கணவர் தாய்மாமன் அல்லவா, அவருக்கு வேறு ஒரு கவலை. காரியம் செய்யாமல் விட்ட பிள்ளை, அமைதி இல்லாமல் அலையும் என்று. அந்தியேட்டிச் சடங்கை ஒரு தரம் முறையாகச் செய்துவிட்டால் பிள்ளைக்கும் ஆறுதல், அக்காவும் அதோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிவிடுவா என்று அவர் நம்பினார். ஆனால் அதை அக்காவிடம் யார் சொல்வது? பூனைக்கு மணி கட்டுகிற வேலை. எங்கள் வீட்டில் மச்சாளுக்கு முன்னால் "செத்த" என்ற சொல்லையே எடுக்க மாட்டோம். செத்துப்போன மீன் என்றுகூடச் சொல்ல மாட்டோம். அந்தப் பிள்ளையின் பெயரையும் எடுப்பதில்லை. எங்களுக்குள் பேசும்போதும் 'அந்த விஷயம்', 'காரியம்', இப்படித்தான்.

உண்மையைச் சொல்கிறேன். காரியம் நடக்க வேண்டும் என்று எனக்கும் ஆசை, எனக்காகவும்தான். சத்தமாகச் சிரிக்கக்கூடிய ஒரு வீட்டில் இருந்து எனக்கு வருடக்கணக்காகிவிட்டது.

எங்கள் அருங்காட்சியகத்தில் மாதத்தில் ஒரு ஞாயிறு அனுமதி இலவசம். மார்கழியில் அப்படி ஒரு ஞாயிறு, வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாவே என்று மச்சாளையும் என்னோடு கூட்டிக்கொண்டு போனேன். வேலைக்காரர்கள் போகும் வாசலால் நான் போனேன், அவர் சனத்தோடு முன்வாசலால் வந்தார். மெல்ல மெல்ல ஒவ்வொரு அறையாகப் பார்த்துக்கொண்டு நான் நின்ற அறைக்கு வந்து, சிலையைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"ஆர் இந்தப் பிள்ளை?" என்று கேட்டார்.

கிரேக்கத்துச் சிலை என்று சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு எப்போது தெரிந்திருக்கிறது? வழிகாட்டிகள் நாளுக்கு நாலு தரம் சொல்வதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம். அதைக் கொஞ்சம் காட்டிக்கொள்ளும் ஆசையும் இருந்தது. "இது ஒரு பெட்டையின்ரை சமாதியிலை வைச்ச சிலை, மச்சாள். கலியாணம் கட்டமுதல் செத்துப்போச்சுதாம். தாய் தேப்பன் செய்விச்சு வைச்சவை" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டியாகிவிட்டேன்.

மச்சாள் முகம் மாறவில்லை. "பேர் என்ன?" என்றார்.

"தெரியாது. கீழை ஒரு கல்லு இருந்திருக்குமாம், அதிலைதான் பேர் வெட்டியிருப்பினம். அந்தக் கல்லுக் கிடைக்கேல்லை."

"கை எங்கை?"

"தனியாச் செய்து பூட்டின கையாம். நிலத்துக்குள்ளை இருந்து எடுக்கேக்கை அது இல்லை."

"தேடினவையோ?"

"தேடித்தான் இருப்பினம், மச்சாள்."

அவர் சரி என்று தலையாட்டிவிட்டுச் சுவரோரம் கிடந்த வாங்கில் போய் உட்கார்ந்தார். என் வேலை முடியும்வரை அங்கேயே இருந்தார். இடையில் என்னை வேறு அறைக்கு மாற்றினார்கள், திரும்பி வரும்போதும் இருந்தார். வீட்டுக்குப் போகும் வழி முழுக்க, மெட்ரோவில், நான் பயந்துகொண்டே இருந்தேன். அன்று இரவு அவர் இரண்டு பிடி பிட்டு அதிகமாகச் சாப்பிட்டார்.

தை மாதத்து ஞாயிறு வருவதற்கு ஒரு கிழமை முன்னமே, "இந்த முறையும் போகலாமோ?" என்று கேட்டார். அவராக ஒன்றைக் கேட்டு நான் கண்டதில்லை. இந்த முறை ஒரு நல்ல சீலை உடுத்தியிருந்தார், அதற்கு மேல் பெரிய குளிர்க்கோட்டு. நாள் முழுக்க வாங்கில் இருந்தார். பைக்குள் இருந்த அந்தக் கைபேசியை அன்று ஒரு தரமும் அவர் எடுத்துப் பார்க்காததை நான் கவனித்தேன். பல தேசத்துச் சனமும் வந்து போனது. பின்னலைப் பற்றிப் பேசினார்கள், சிரிப்பைப் பற்றிப் பேசினார்கள், பக்கத்தில் நின்று படம் எடுத்தார்கள். ஒரு சின்னப் பிள்ளை சிலையைச் சுற்றிப் போட்டிருந்த கோட்டைத் தாண்டி ஓடப் பார்த்தபோது நான் வாய் திறக்கமுதல் மச்சாளே கையை நீட்டித் தடுத்துவிட்டார். எனக்குச் சம்பளம், அவருக்கு வேலை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

இதைக் குசினியில் வைத்து என் கணவரிடம் மெதுவாகச் சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "கல்லைப் பாத்தாவது அக்கான்ரை மனம் ஆறட்டும். அவவுக்கு மெல்ல விளங்குது போல. நீ இன்னும் கொஞ்சம் சொல்லிப்பார்" என்றார்.

"நான் சொன்னது போதும். இனி நீங்கள் சொல்லுங்கோ, உங்கடை அக்கா."

"எனக்கு நாக்கு எழும்பாது" என்றார். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவருக்கு எழும்பாத நாக்கு என்னோடு சண்டை பிடிக்க மட்டும் எழும்பும். ஆனால் அன்று கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை.

மாசியில் மூன்றாம் தரம் வந்தார். நல்ல குளிர், வெளியே மூச்சு உறைகிறது, ஆகையால் அருங்காட்சியகத்துக்குள் சனம் நிரம்பியிருந்தது. பின்னேரம் இரண்டு மணி போல சிலை இருந்த அறை ஆள் குறைந்து கொஞ்சம் வெளித்தது. நான் கதவருகில் நின்றேன். மச்சாள் வாங்கிலிருந்து எழும்பிச் சிலைக்கு முன்னால் வந்து, தரையில் போட்டிருந்த கோட்டுக்கு வெளியே ஒழுங்காக நின்று, கண்ணை மூடிக் கை கூப்பினார்.

நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினேன். இதைத்தான் பிறகு எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். கும்பிடுகிற ஆளை உற்றுப் பார்க்கக் கூடாது, குறுக்கே போகக் கூடாது, கூப்பிடக் கூடாது என்று சின்ன வயதில் பழகிய பழக்கம். பதினொரு வருடக் காவல் வேலை அந்தப் பழக்கத்துக்கு முன்னால் நிற்கவில்லை. வேறு எந்தக் காவலாளியும் அந்த இடத்தில் கண்ணை எடுத்திருக்க மாட்டான்.

எச்சரிக்கை மணி கீச்சிட்டது. திரும்பிப் பார்த்தேன். மச்சாள் ஒரு காலை மேடையில் வைத்து எக்கி, மோதிர விரலால் சிலையின் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். ஒரு விரல் அளவு வட்டம். அவசரமில்லாமல், வட்டம் கோணாமல், பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு வைப்பது மாதிரி வைத்து முடித்துவிட்டுக் காலைக் கீழே எடுத்தார். யாரோ ஒரு பெண் வீரிட்டாள். பத்துக் கைபேசிகள் மேலே எழும்பின.

வெறும் குங்குமம் என்றால் ஊதினாலே பாதி போயிருக்கும். கல்லில் தூள் ஒட்டாது என்று மச்சாளுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த ஊர்க் குளிருக்கு உதட்டில் பூசுவதற்காக எல்லோரும் பையில் வைத்திருக்கிறோமே வாசலீன், அதைக் கொஞ்சம் விரலில் தொட்டு, அதன் மேல் குங்குமத்தைத் தொட்டு வைத்திருந்தார். வேர்வையில் பொட்டு அழியாமல் இருக்க ஊரில் நாங்களே செய்கிற வேலைதான். பளிங்கு எண்ணெயைக் குடிக்கும் என்பதும், குடித்தால் சாயத்தையும் கூட்டிக்கொண்டு உள்ளே போகும் என்பதும் அவருக்கு எப்படித் தெரியும்?

மேற்பார்வையாளர் ஓடிவந்தார். கியூபெக்காரர், நல்ல மனிதர், ஒரு நாளும் என்னிடம் குரல் உயர்த்தினதில்லை.  மச்சாளிடம் பிரெஞ்சில் கேட்டார், ஆங்கிலத்தில் கேட்டார். மச்சாளுக்கு இரண்டும் விளங்காது. அவர் என் பக்கம் திரும்பினார். "உங்கள் நாட்டவர் போல் தெரிகிறதே, உங்களுக்கு இவரைத் தெரியுமா?"

என் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மாதம் அது. நான் கண்ணை எடுத்ததைக் கமரா பார்த்திருக்கும் என்று எனக்குத் தெரியும். என் ஆளே செய்தது என்றால், நான் தெரிந்தே செய்ய விட்டேன் என்றுதான் ஆகும். இதையெல்லாம் அப்போது யோசித்தேன் என்று சொன்னால் பொய். யோசிக்கமுதலே வாய் "நொன்" என்றது.

"சரி, மொழி தெரியும்தானே, ஏன் செய்தார் என்று கேளுங்கள்."

நான் மச்சாளைப் பார்த்து, "அம்மா, ஏன் இப்பிடிச் செய்தனீங்கள் எண்டு கேக்கிறார்" என்றேன். அங்கே தமிழ் விளங்குகிறவர் ஒருவரும் இல்லை. மச்சாள் என்றே கூப்பிட்டிருக்கலாம், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனாலும் "அம்மா" என்றேன், தெருவில் வழி கேட்கிற ஆளைக் கூப்பிடுவது போல.

மச்சாள் ஒரு கணம் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. என்னிடம் பிரெஞ்சில் என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்பதெல்லாம் அவருக்கு அந்தக் கணத்தில் விளங்கிவிட்டது. அவர் எத்தனை சோதனைச்சாவடிகளைக் கடந்து வந்தவர். பக்கத்தில் நிற்கிற ஆளைத் தெரியாத மாதிரி நிற்பதற்கு அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. "தெரியாமல் செய்துபோட்டன், தங்கச்சி. சாமி எண்டு நினைச்சிட்டன் எண்டு சொல்லுங்கோ" என்றார். நாலு வருடமாக எனக்கு உரிமையோடு 'நீர்' சொல்கிறவர், அன்று 'சொல்லுங்கோ' என்று மரியாதையாகச் சொன்னார். அப்போதே அந்தத் தரை பிளந்து என்னை விழுங்கியிருந்தால் நல்லதாக இருந்திருக்கும்.

நான் அதை மொழிபெயர்த்தேன். வயதான மனுஷி, சாமி என்று நினைத்துவிட்டார். மேற்பார்வையாளர் பெருமூச்சு விட்டார். பொலிஸைக் கூப்பிடாமல், பெயரைக்கூட எழுதாமல், இனிமேல் இங்கே வரக் கூடாது என்று என்னைக் கொண்டே சொல்லுவித்தார். "இனி இஞ்சை வரக்கூடாதாம், அம்மா." அதையும் நான்தான் சொன்னேன். இன்னொரு காவலாளி மச்சாளை முன்வாசல்வரை கூட்டிக்கொண்டு போனார். போகும்போது மச்சாள் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். என்னை அல்ல, சிலையை.

அவருக்குத் தனியாக வீட்டுக்குப் போகத் தெரியாது. எப்போதும் என்னோடுதான் வந்து போவார். வெளியே பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகைக் குளிர். எனக்கு இன்னும் மூன்று மணி நேர வேலை இருந்தது, அதில் ஒரு மணி நேரம் அறிக்கை எழுதப் போனது. 'பார்வையாளர், பெண், வயது எழுபது இருக்கலாம், அடையாளம் தெரியாது' என்று என் கையாலேயே எழுதினேன். கணவருக்கு அழைத்தேன், சந்தைச் சத்தத்தில் அவர் எடுக்கவில்லை. மச்சாளின் பழைய கைபேசிக்கு அழைக்க நினைத்து விட்டுவிட்டேன். அது ஒலித்தால் அவர் யாரென்று நினைத்து எடுப்பார் என்று எனக்குத் தெரியும். அவரை வீட்டில் கொண்டுபோய் விடச் சொல்லி அங்கே யாரிடமும் கேட்கவும் முடியாது, நான்தான் அவரைத் தெரியாது என்று சொன்னவளாயிற்றே.

வேலை முடிந்து கிட்டத்தட்ட ஓடினேன். மெட்ரோ நிலையத்துக்குள், பயணச்சீட்டு வாசலுக்கு இந்தப் பக்கம், ஒரு வாங்கில் இருந்தார். கையுறையைக் கழற்றாமல் பையை மடியில் வைத்திருந்தார். நான் முன்னால் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது.

"நீர் மத்தியானம் சாப்பிட்டனீரோ?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். பைக்குள் இருந்து ஒரு சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துத் தந்தார். நான் தெரியாது என்றதைப் பற்றி அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் கதைக்கவில்லை. ஒரு தரம் ஏசியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

பளிங்கைச் சுத்தம் செய்ய வேறு நகரத்திலிருந்து ஒரு நிபுணரை வரவழைத்தார்கள். ஒரு கிழமை அந்த அறையைப் பூட்டி, பஞ்சும் ஏதேதோ திரவமும் வைத்து, அந்த எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தார்கள். கடைசியில், தெரிந்து பார்த்தால் மட்டும் தெரிகிற ஒரு இளஞ்சிவப்பு நிழல் மிஞ்சியதாம். எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது, வேறு தளத்துக்கு மாற்றினார்கள். வேலை போகவில்லை. போயிருந்தாலும் பரவாயில்லை என்று அப்போது நினைத்தேன், இப்போது அப்படிச் சொல்வது சுலபம்.

அந்தக் கிழமையே ஒரு நாள், சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு மச்சாள் சொன்னார், "தம்பி, ஐயரிட்டைக் கதை. காரியத்தைச் செய்துவிடுவம்."

என் கணவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் காலடியில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். எத்தனை வருடம். பொட்டு வைத்ததில் அவருக்குள் ஏதோ இறங்கியிருக்கிறது என்று நினைத்தேன். நான் செய்த துரோகத்தில் இருந்துகூட ஒரு நன்மை வந்திருக்கிறதே என்று கேவலமாக ஒரு நிம்மதி. யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? கேட்டால் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டும், அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். பழக்கம் எங்கள் வாயைக் கட்டி வைத்திருந்தது.

அமாவாசைக்கு நாள் வைத்தோம். முதல் நாள் என் கணவர், "படையலுக்குப் பிள்ளைக்குப் பிடிச்சதாச் சமைப்பம், அக்கா. கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு" என்றார். மச்சாள், "வேண்டாம், பழமும் பாலும் காணும். என்ன சாப்பிட்ட பிள்ளையோ தெரியாது" என்றார். அக்காவுக்கு மனம் தடுமாறுகிறது என்று என் கணவர் கண்ணால் எனக்குச் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

கோயிலின் பக்கத்து மண்டபத்தில் ஐயர் எல்லாம் ஆயத்தமாக வைத்திருந்தார். தாய்மாமன் என்ற முறையில் என் கணவர் விரலில் தர்ப்பை போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். பின்னால் மச்சாளும் நானும். ஐயர் எள்ளைத் தண்ணீரில் போட்டுவிட்டு, "பிள்ளையின்ரை பேர், நட்சத்திரம் சொல்லுங்கோ" என்றார். என் கணவர் தொண்டையைச் செருமினார். அக்காவுக்கு முன்னால் அந்தப் பெயரை அவர் எடுத்து எத்தனையோ வருடம். வாயைத் திறந்தார்.

"பொறு, தம்பி" என்றார் மச்சாள். பிறகு ஐயரிடம், "பேர் தெரியாது ஐயா. நட்சத்திரமும் தெரியாது. பொம்பிளைப் பிள்ளை, கலியாணம் கட்டேல்லை. வேறை தேசத்துப் பிள்ளை. தாய் தேப்பன் எப்பவோ போயிட்டினம்."

ஐயர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். என் கணவர் திரும்பினார். "அக்கா, என்ன கதைக்கிறியள்? நாங்கள் எங்கடை பிள்ளைக்கல்லோ..."

"எங்கடை பிள்ளைக்கு என்னத்துக்கு? அவள் வருவாள்." அவர் என் பக்கம் கையைக் காட்டினார். "இவதானே சொன்னவ, அந்தக் கல்லுப் பிள்ளையின்ரை பேர்கூட ஒருத்தருக்கும் தெரியாதெண்டு. தாய் தேப்பன் கல்லு வைச்சினம், சரி. அவையும் போன பிறகு அந்தப் பிள்ளைக்கு ஆர் செய்தது? எல்லாரும் வந்து படமெல்லோ எடுக்கினம்."

என் கணவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். அவருக்கு என்னில் கோபமா, அக்காவில் பரிதாபமா, எனக்குத் தெரியவில்லை. எழும்பிப் போய்விடுவார் என்று பயந்தேன். நான் ஏதாவது சொல்லி இதை நிறுத்த வேண்டும் என்று தோன்றியது. என்ன சொல்வது? எந்த முகத்தோடு சொல்வது? அவரை ஒரு தரம் ஆள் முன்னால் தெரியாது என்றவள் நான்.

ஐயர்தான் காப்பாற்றினார். "பேர் தெரியாதவைக்கும், ஆரும் இல்லாதவைக்கும் எள்ளுத்தண்ணி விட முறை இருக்கு, அம்மா. செய்யலாம்" என்றார். பிறகு என் கணவரைப் பார்த்து மெல்ல, "கையை நீட்டுங்கோ" என்றார்.

என் கணவர் கையை நீட்டினார். மருமகளுக்காகக் கொண்டுவந்த எள்ளும் தண்ணீரும் யாரோ ஒரு கிரேக்கத்துப் பெட்டைக்காக அவர் விரல் நடுவால் வடிந்தது. அவர் அழுதுகொண்டே செய்தார். இனி இந்தப் பேச்சு நம் வீட்டில் எழும்பாது என்று அவருக்கு விளங்கிவிட்டது, எனக்கும் விளங்கிவிட்டது.

மச்சாள் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் தரம் தண்ணீர் விழுந்தபோது, என் பக்கம் சாய்ந்து, மந்திரத்துக்கு இடையில் எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்.

"இப்பிடித்தானே. என்ரை பிள்ளையைக் கண்டெடுத்தவையும், பேர் தெரியாட்டிலும், ஒரு சொட்டுத் தண்ணி விட்டிருப்பினம். என்ன?"

அவர் என்ன சொல்லிவிட்டார் என்பது எனக்கு விளங்க ஒரு கணம் பிடித்தது. அவருக்கு அது விளங்கியதா என்று தெரியாது. என் முகத்தைப் பார்த்தபடி இருந்தார். பதில் வேண்டும் என்று பார்த்தார்.

"ஓம், மச்சாள்" என்றேன். "விட்டிருப்பினம்."

"சத்தியமோ?"

"சத்தியம்" என்றேன்.